வீட்டு பிளக் எட்டாத கேம்பர் வேனுக்கு எங்கிருந்து சார்ஜ்?

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே ஆழியாறு கிளம்பலாம் என்று, உள்ளேயே படுத்துத் தங்கும்படி மாற்றிய என் வேனின் பக்கக் கதவைத் திறந்தேன். விளக்கு சுவிட்சைத் தட்டியதும் கூரையில் ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டை சாம்பல் பூத்த கங்கு போல மினுக்கிவிட்டு அணைந்தது. மல்டிமீட்டரை வைத்தால் 10.9 வோல்ட். எஞ்சினுக்கான பேட்டரி வேறு. இது விளக்கு, விசிறி, பிரிட்ஜுக்கென்று தனியாக வைத்த துணை பேட்டரி, பன்னிரண்டு நாளுக்கு முன்பு நிறைய சார்ஜோடு நிறுத்திய 150 ஆம்பியர்-மணி பேட்டரி. இடையில் வேன் ஓர் அடிகூட நகரவில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்தபோது காரணம் தெரிந்தது: இன்வெர்ட்டரை அணைக்க மறந்திருக்கிறேன். அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஆனாலும் சும்மா விழித்திருப்பதற்கே அது 6 வாட் குடிக்கும். 6 வாட், 24 மணி நேரம், 12 நாள் என்றால் 1728 வாட்-மணி. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1800தான்.

சொந்த வீட்டு வாசலில் வண்டி நிற்பவராக இருந்தால் ஒரு சார்ஜரை மாட்டிவிட்டு மறுநாள் கிளம்பியிருப்பார். எனக்கு வீடு கோவையில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். வேன் நிற்பது தரைத்தளத் தூண்களுக்கு நடுவே. கைக்கெட்டும் தூரத்தில் பிளக் இல்லை. அசோசியேஷனில் கேட்டுப் பார்த்தேன். “உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்” என்றார்கள். பொது மீட்டர் பில்லை எல்லோரும் பங்கிட்டுக் கட்டுகிறோம். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்த ஆசிட் பேட்டரி எப்படியோ பிழைத்தது. ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. நான்கே மாதத்தில் பேட்டரிக் கடைத் தராசில் ஏறி, பழைய ஈயமாக எடை போடப்பட்டது.

இதே சிக்கலில் இருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். திருப்பூரில் காம்பவுண்டு வீட்டில் குடியிருப்பவர், ஈரோட்டில் தெருவோரம் வண்டியை நிறுத்துபவர், நாமக்கல்லில் லாரி ஷெட் ஒன்றில் மாத வாடகைக்கு இடம் பிடித்தவர் என்று பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: துணை பேட்டரிக்கு சோலாரா, எஞ்சினா, ஜெனரேட்டரா? எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துணை பேட்டரி பயணத்தில் சாவது குறைவு. சும்மா நிற்கும்போதுதான் பெரும்பாலும் சாகிறது.

## எதை வைத்து எடை போடுவது

தினசரித் தேவை. 45 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 500 முதல் 600 வாட்-மணி எடுக்கும். 28 வாட் விசிறி எட்டு மணி நேரம் சுற்றினால் ஏறத்தாழ 220. விளக்குகளுக்கு 40, போனுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து 150, தண்ணீர் மோட்டாருக்கு 10. மொத்தம் 1000 வாட்-மணி என்று வையுங்கள். அதாவது ஒரு யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று மாடி மேலே சும்மா கிடைக்கிற அந்த ஒரு யூனிட்டைக் கீழே கொண்டுவரத்தான் இவ்வளவு பாடும்.

இண்டக்‌ஷன் அடுப்பையும் ஏசியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை வேண்டும் என்பவர்கள் வேறு கட்டுரை படிக்க வேண்டும். ஆனால் கோவையில் இருந்துகொண்டு கிரைண்டரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பண்டம் ஆயிற்றே. “வேனில் மாவு ஆட்டலாமா?” என்று ஓர் அம்மா கேட்டார். ஆட்டலாம். 150 வாட் டேபிள் டாப் அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி. விசிறி இரவெல்லாம் தின்பதில் மூன்றில் ஒரு பங்கு.

வண்டி நிற்கும் இடம். வெயிலா, நிழலா, கூரைக்கு அடியிலா?

ஓட்டம். நம் பக்கத்துப் பயணங்கள் குறுகியவை. கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். எந்தத் திசையில் திரும்பினாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ஒரு மலை வந்துவிடும். மனதுக்கு அது வரம். எஞ்சினை நம்பி சார்ஜ் ஏற்றுகிறவருக்கு நெருக்கடி.

பேட்டரியின் இனம். எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற கேள்வி இது. முடிவையே மாற்றுவதும் இதுதான்.

ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினாலே பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். எனவே 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் நிஜமாகக் கையில் இருப்பது 600 வாட்-மணி. அதைவிடப் பெரிய தொல்லை, பயன்படுத்திய பிறகு முழுசாக நிறைத்து வைத்தாக வேண்டும். அரைகுறையாக விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். அந்தக் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கோ நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். எவ்வளவு பெரிய சார்ஜரானாலும் அந்தக் கட்டத்தில் பேட்டரி மெல்லத்தான் வாங்கிக்கொள்ளும். வீட்டில் பிளக் இருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை, இரவு அதற்குத்தானே இருக்கிறது. பிளக் இல்லாதவருக்கு இது தீராத கடன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. பாதி சார்ஜில் ஒரு மாதம் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. சொல்லப்போனால் அப்படி நிற்பதுதான் அதற்குப் பிடிக்கும். 100 ஆம்பியர்-மணியில் 1100 வாட்-மணிக்கு மேல் எடுக்கலாம். எடை 12 கிலோ அளவுதான். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஆசிட் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். விலை ஆசிட் பேட்டரியைப் போல இரண்டு மூன்று மடங்கு. வீட்டில் பிளக் இருப்பவருக்கு இது ஆடம்பரமாக இருக்கலாம். இல்லாதவர் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஒரே எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே இதை சார்ஜ் செய்யக் கூடாது. மார்கழியில் ஊட்டியில் உறைபனி விழும் விடியலில், உள்ளிருக்கும் காவல் சர்க்யூட் சார்ஜ் ஏற்ற மறுத்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். வெயில் வந்ததும் ஏற்றும்.

## ஓடும் எஞ்சினிலிருந்து

எஞ்சினோடு சுற்றுகிற ஆல்டர்னேட்டரை நம் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அது வண்டியின் சொந்த பேட்டரியை நிறைத்த பிறகு மிச்சத்தைத் துணை பேட்டரிக்கு விடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவைக்கும் ரிலே. மலிவானது. பழைய வண்டி, ஆசிட் பேட்டரி என்ற ஜோடிக்குப் போதும். ஆனால் பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அங்கே ரிலே பாதி நேரம் வேடிக்கைதான் பார்க்கும். லித்தியத்தோடு ரிலேவைச் சேர்த்தால் ஆபத்து வேறு விதம். காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்தது போல லித்தியம் கரண்டை இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

இரண்டாவது வழி டி.சி.–டி.சி. சார்ஜர். எஞ்சின் பக்கத்து கரண்டை அளவோடு வாங்கி, துணை பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜில் கொடுக்கும் பெட்டி அது. இதுதான் சரியான வழி. 30 ஆம்பியர் சார்ஜர் ஏறத்தாழ 400 வாட் தரும். ஒரு யூனிட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் 400 வாட்-மணி, வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் ஒரு யூனிட்டுக்கு மேல்.

இங்கே ஒரு விஷயம் எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. நிறைந்த பேட்டரியோடு கிளம்பினால், போகிற வழியில் ஏறுவதற்கு இடமே இல்லை. திரும்பி வரும்போதுதான் ஏறும். அதாவது, தங்குகிற நாட்களைத் தாங்கும் அளவுக்குப் பேட்டரி இருந்து, திரும்பும் ஓட்டம் அதை நிறைக்கும் அளவுக்கு நீண்டு இருந்துவிட்டால், வண்டி எப்போதும் ஏறக்குறைய நிறைந்த பேட்டரியோடுதான் வீடு வந்து சேரும். திரும்பி வரும் சாலைதான் உங்கள் வீட்டு பிளக். ஆசிட் பேட்டரியில் இது பலிக்காது. அந்தக் கடைசி 20 சதவீதத்துக்குக் கோவையிலிருந்து திருச்சி வரை ஓட்ட வேண்டியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு முதலில் ஒயரில். எஞ்சினுக்கும் துணை பேட்டரிக்கும் இடையே ஐந்து மீட்டர் என்றால், போக வரப் பத்து மீட்டர். அதில் 30 ஆம்பியர் ஓடும்போது 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் ஏறத்தாழ ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது சில்லறை இல்லை. 16 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். நான் அழைத்து வந்தவர் வீட்டு வயரிங் செய்கிற எலெக்ட்ரீஷியன். “ஏசிக்கே நாலு ஸ்கொயர் போதுங்க அண்ணா, இதுக்கு எதுக்கு பதினாறு?” என்று சிரித்தார். 230 வோல்ட் உலகத்தில் அவர் சொன்னது சரி. கரூரில் பஸ் பாடி கட்டுமிடத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் அதே வேலையைச் சொன்னபோது, கேள்வியே கேட்காமல் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேபிளை எடுத்து லக் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு பேட்டரிகளின் பக்கத்திலும் பியூஸ் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செலவு டீசல். எஞ்சின் தரும் கரண்ட் ஓசி என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினிலும் ஆல்டர்னேட்டரிலும் வீணாவதைக் கழித்துப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் டீசல் செலவாகிறது. எப்படியும் போகிற பயணத்தில் அது தெரியாது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றினால் நன்றாகவே தெரியும். அப்போது ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் சுற்றாது. செலவோ இன்னும் கூடும். பக்கத்தில் கூடாரம் போட்டவர்களின் வாழ்த்தும் கிடைக்கும்.

## கூரையில் சோலார்

கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஐரோப்பியர்கள் பேனலைச் சாய்த்து வைக்கப் படும் பாடு நமக்கு இல்லை. கூரையில் தட்டையாகப் படுக்க வைத்தாலே போதும். 200 வாட் பேனல் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் 700 முதல் 800 வாட்-மணி தரும். 300 வாட் போட்டால் நம் ஒரு யூனிட் வந்துவிடும்.

ஆனால் வெயில் வேறு, சூடு வேறு. பங்குனி வெயிலில் தகரக் கூரைமேல் ஒட்டிய பேனல் 65 டிகிரிக்குச் சுடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் திறன் குறையும். எனவே உச்சி வெயிலில் 15 சதவீதம் போய்விடும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் காற்றோட்டம் விட்டு மாட்டினால் ஓரளவு மீளும். கூடவே வேனுக்குள்ளும் சூடு குறையும். அது எதிர்பாராத லாபம்.

நிழல்தான் இதன் பரம எதிரி. நாம் வண்டி நிறுத்த இடம் தேடும்போது கண் தானாக வேப்ப மரத்தடிக்குப் போகும். பேனலோ வெயிலில் நிற்கச் சொல்லும். ஒரு கிளையின் நிழல் ஒரே ஒரு மூலையில் விழுந்தாலும் பேனல் தருவது பாதியாகும். பேனலிலிருந்து எடுக்க முடிந்த உச்ச சக்தியைத் தேடிப் பிடிக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் போட்டால் கொஞ்சம் தேறும். ஆனால் மரத்தடியில் நின்றுகொண்டு அதனிடம் அற்புதம் எதிர்பார்க்க முடியாது. காக்கை எச்சமும் செம்மண் தூசியும் தனி. வாரம் ஒரு முறை ஏணி போட்டு ஏறித் துடைக்க வேண்டும்.

மழைக்காலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் தாராபுரம், காங்கேயம் பக்கம் மேகம் மூடியிருக்கும், காற்று அள்ளும், மழை மட்டும் பெயருக்குத்தான் தூறும். அங்கே பாதியாவது கிடைக்கும். அதே நாளில் மலை ஏறி வால்பாறை போனால் சோலார் கன்ட்ரோலரின் எண்கள் பரிதாபமாக இருக்கும். நாள் முழுக்க 200 வாட் பேனல் 150 வாட்-மணி தந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைப் போலத் தரைத்தளத்தில் வண்டி நிறுத்துபவருக்குக் கூரை சோலார், வண்டி நிற்கிற ஐந்து நாட்களும் வெறும் கண்ணாடிப் பலகை. அதற்கு மாற்று மடக்குப் பேனல். இறங்கிய இடத்தில் வண்டியை மரத்தடியில் விட்டு, பேனலை மட்டும் வெயிலில் விரிக்கலாம். 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி தரும். குறை, யாராவது காவல் இருக்க வேண்டும். ஆழியாறில் ஒரு குரங்கு என் பேனலின் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பத்தடி ஓடியது. தின்ன முடியாத பொருள் என்று தெரிந்ததும் முறைத்துவிட்டுப் போட்டுவிட்டது. இணைப்புக் கம்பி வளைந்ததோடு தப்பியது.

கூரையில் நிரந்தரமாக மாட்டுபவர்கள் ஆணித்துளைகளில் ஒழுகாமல் சீலன்ட் வைப்பதோடு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். கேம்பராக மாற்றும்போதே பேனலையும் சேர்த்துக் காட்டிவிடுவது நல்லது.

காற்றாலையைப் பற்றியும் கேட்கிறார்கள். பல்லடம், உடுமலை வழியாக வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு மீட்டர் குறுக்களவு விசிறி, விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் 10 வாட்கூடத் தராது. காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் அம்மியே பறக்கிற ஆடிக் காற்றில் கூரைமேல் ஒரு விசிறி சுழல, அதற்குக் கீழே யார் தூங்குவது?

## பேட்டரியையே மாடிக்கு ஏற்றுவது

வேனுக்குக் கரண்ட் வராவிட்டால், பேட்டரி வீட்டுக்கு வரட்டும். ஆசிட் பேட்டரிக் காலத்தில் இது தண்டனை. ஐம்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு படியேறி, ஆசிட் சொட்டிச் சட்டையில் ஓட்டை விழும். கடையில் கொடுத்து சார்ஜ் போட்டு வாங்கலாம். போக வர ஒரு நாள் வேலை. லித்தியத்தில் கதையே வேறு. 12 கிலோ என்பது அரிசி மூட்டையில் பாதி. இன்வெர்ட்டர், சார்ஜர், பிளக் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பவர் ஸ்டேஷன்களும் வந்துவிட்டன. ஒரு யூனிட் கொள்ளும் பெட்டி 10 முதல் 14 கிலோ இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டு, காலையில் கைப்பிடியைப் பிடித்துக் கீழே கொண்டுபோனால் முடிந்தது. அலுவலகத்தில் அனுமதி இருந்தால் அங்கேயும் போடலாம்.

இதன் குறைகள் எளிதானவை. விலை அதிகம், அதே கொள்ளளவுக்குத் தனி பேட்டரி வாங்குவதைவிட நிச்சயம் கூடுதல். ஒரு பாகம் பழுதானால் பெட்டி முழுக்கக் கடைக்குப் போக வேண்டும். பலவற்றில் காரின் சிகரெட் லைட்டர் துளை வழியாக ஏற்றினால் 100 வாட்டைத் தாண்டாது. ஆனால் மாதம் ஒன்றிரண்டு முறை, ஓரிரவு மட்டும் தங்கப் போகிறவர் எனக்கு போன் செய்து கேட்டால், வேனில் ஓர் ஒயரைக்கூடத் தொடாதீர்கள், இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மின்வெட்டு நாளில் வீட்டு விசிறிக்கும் உதவும்.

## வெளியே பிளக் தேடுவது

நம் பகுதியில் கேம்பர்களுக்கென்று பிளக் வைத்த பார்க்குகளை நம்பிப் பயணம் திட்டமிட முடியாது. ஹோம்ஸ்டேக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரு 15 ஆம்பியர் பிளக்கைக் காட்டுவார். ஓர் இரவுக்கு ஒரு தொகை கொடுத்துவிடலாம். மின்வாகன சார்ஜிங் நிலையங்களைப் பலர் நம்புகிறார்கள். கார்களுக்கான வேக சார்ஜர், எதிரே இருப்பது கார்தான் என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கரண்டை விடும். நம் பேட்டரியோடு அது பேசாது. பாரத் ஏ.சி.-001 வகை நிலையங்களில் மட்டும் நீல நிற வட்டத் துளையில் 230 வோல்ட், 15 ஆம்பியர் வரும். அதற்கான இண்டஸ்ட்ரியல் பிளக் ஒன்று கையில் இருந்தால் நம் சார்ஜரை மாட்டலாம். மூன்று மணி நேரம் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்கு நிலையக்காரர் சம்மதிக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது உறவினர் தோட்டம். கொங்கு நாட்டில் யாருக்குத்தான் ஒரு பெரியப்பாவின் தோட்டமும் அதில் ஒரு சாளையும், அதாவது தோட்டத்து வீடும், இல்லை? கிணற்று மேட்டு வேம்படியில் வண்டியை நிறுத்தியதும், “மோட்டார் ரூமிலிருந்து இழுத்துக்கொள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்பார். அங்கேதான் மறுக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கோவை வீதிகளில் நிறுத்திப் போராடியது மின்கட்டணத்துக்காகத்தான். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டும். வேறு காரியத்துக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 126-இன்படி இரட்டிப்புக் கட்டணம் விழும். விழுவது பெரியப்பா தலையில். சாளைக்கு வீட்டு இணைப்பு தனியாக இருந்தால் அதில் போடுங்கள். இழுக்கிற எக்ஸ்டென்ஷன் ஒயரை உருளையில் சுற்றியபடியே விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுற்றிய ஒயர் சூடேறி உருகும்.

## ஜெனரேட்டர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிடிக்காது. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் ஒரு யூனிட்டோ, நல்ல பாரம் இருந்தால் இன்னும் கொஞ்சமோ தரும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில் அது எவ்வளவு விலை மின்சாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 20 ஆம்பியர் சார்ஜருக்காக மட்டும் ஓட்டினால், குதிரையைப் பூட்டிக் குடம் தண்ணீர் சுமப்பது போல. காட்டை ஒட்டிய இடங்களில் சத்தத்துக்கு அனுமதி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மழை என்று வேனுக்கு அடியிலோ கதவோரத்திலோ வைத்துவிட்டுத் தூங்கினால் எழாமலே போகலாம். கல்யாணச் சமையல், படப்பிடிப்பு, ஊர்த் திருவிழாக் கடை என்று தொழிலுக்காக வேன் ஓட்டிப் பெரிய பாரம் இழுப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| வழி | கிடைப்பது | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| எஞ்சின், 30 ஆம்பியர் டி.சி.–டி.சி. | மணிக்கு 400 வாட்-மணி | தடித்த கேபிள், யூனிட்டுக்கு அரை லிட்டர் டீசல் | ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றரை மணி நேரமாவது ஓட்டுபவர் |
| கூரை சோலார், 200 வாட் | வெயில் நாளில் 700–800 வாட்-மணி | நிழல், தூசி, ஒழுகல், ஆடி மாதம் | வெட்டவெளியில் நிறுத்துபவர் |
| மடக்குப் பேனல், 100 வாட் | வெயில் நாளில் 400 வாட்-மணி | காவல், குரங்கு | ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவர் |
| தூக்கிச் செல்லும் பெட்டி | ஒரு தடவைக்கு ஒரு யூனிட் | விலை, முதுகு | மாடி வீட்டுக்காரர், ஓரிரவுப் பயணி |
| வெளி பிளக் | வேண்டிய அளவு | காத்திருப்பு, அனுமதி | ஹோம்ஸ்டே, சாளை வாசம் |
| ஜெனரேட்டர் | வேண்டிய அளவு | பெட்ரோல், சத்தம், புகை | தொழில்முறைப் பயன்பாடு |

## யார் எதை எடுக்கலாம்

ஈரோட்டில் தெருவோரம் நிறுத்துபவருக்குக் கூரையில் 200 வாட் பேனலே போதும். வண்டி நிற்கும் நாட்களிலும் அது வேலை செய்யும். ஆசிட் பேட்டரியையே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம், ஏனென்றால் அந்தப் பிடிவாதக் கடைசி 20 சதவீதத்தைச் சூரியன் பொறுமையாக நிரப்பும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் மூடிக்கிடந்தால் மட்டும் கவனம் வேண்டும்.

லாரி ஷெட்காரருக்கு வெயிலும் இல்லை, பிளக்கும் இல்லை. அவர் ஏற்காடு, கொல்லிமலை என்று ஓடுபவர். கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஏறி இறங்குகிற ஓட்டத்துக்கு லித்தியமும் டி.சி.–டி.சி.யும் சரியான ஜோடி. சோலாரில் காசு போட வேண்டாம்.

காம்பவுண்டு வீட்டுக்காரர் குழந்தைகளோடு மாதம் ஒரு முறை போகிறவர். அவருக்குத் தூக்கிச் செல்லும் பெட்டி. வாடகை வீடு மாறினாலும் கூடவே வரும்.

யாராக இருந்தாலும் முதலில் வாங்க வேண்டியது ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். பேட்டரியின் பாசிட்டிவ் முனையோரம் மாட்டும் திருகு சாவி. இந்தப் பட்டியலிலேயே மலிவான பொருள் அதுதான். அன்றைக்கு என்னிடம் அது இருந்திருந்தால் அந்த பேட்டரி இன்னும் இரண்டு வருடம் உழைத்திருக்கும்.

இப்போது என் வேனில் 100 ஆம்பியர்-மணி லித்தியம், 30 ஆம்பியர் டி.சி.–டி.சி., சீட்டுக்குப் பின்னால் மடக்கிய 100 வாட் பேனல். கூரை காலி. போன வாரம் ஆழியாறில் இரண்டு இரவு தங்கினோம். சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது, குரங்கும் வரவில்லை. ஞாயிறு காலை மானிட்டர் 30 சதவீதம் காட்டியபோது மனைவி பிரிட்ஜை அணைத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மதியம் பொள்ளாச்சி நெரிசலில் ஊர்ந்து, கோவை வந்து, தரைத்தளத் தூண்களுக்கு நடுவே நிறுத்தியபோது 86. சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன்.